விற்ற பின்னும் விலகாதவர்

பொருளைச் செய்து விற்பவர் உலகில் பலர்; விற்ற பொருளுக்குப் பொறுப்பேற்று நிற்பவர் சிலர். விலையைக் கையில் வாங்கிய அளவிலே பொருளுக்கும் தமக்கும் இருந்த தொடர்பு தீர்ந்துவிட்டது என்று கருதுவதே வாணிகத்தின் வழக்கமாக இருந்து வருகிறது. கடையின் படியைத் தாண்டிய பின் பொருளுக்கு வரும் நோயும் நொடியும் வாங்கியவர் தலைமேலன என்பது அவ்வழக்கின் உட்பொருள். இதற்கு உடன்படாத ஒரு சிறு கூட்டத்தார் மேலை நாடுகளிலும் ஜப்பானிலும் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். அவர்கள் பெருஞ்செல்வர் அல்லர். பேரறிஞர் என்று பெயர் பெற்றவரும் அல்லர். மிதிவண்டியின் சட்டகத்தைக் கையால் செய்யும் கம்மியர் அவர்கள்.

உடம்புக்கு எலும்புக்கூடு எத்தகையதோ அத்தகையது மிதிவண்டிக்குச் சட்டகம். சக்கரம் கோணினால் கோட்டம் எடுக்கலாம். சங்கிலி அறுந்தால் வேறொன்று பூட்டலாம். இருக்கை கிழிந்தால் புதியது வாங்கலாம். சட்டகம் முறிந்தாலோ வண்டி என்பதே இல்லை. முறிவது சரிவான மலைப்பாதையில் விரைந்து இறங்கும்பொழுதாயின், வண்டியோடு ஓட்டுபவரின் உயிரும் போகக்கூடும். முன் சக்கரத்தைத் தாங்கும் கவைக்கால் முறிவது எல்லாவற்றினும் கொடிது. ஆகவே, சட்டகம் செய்பவரின் தொழில் அழகுக்கலை மட்டும் அன்று. பிறர் உயிரைத் தம் கைவேலையின்மேல் ஏற்றி அனுப்பும் தொழில் அது.

1885-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலுள்ள கவண்ட்ரி நகரத்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் ‘ரோவர்’ என்னும் வண்டியைச் செய்து வெளியிட்டார். அதற்கு முன் முன்சக்கரம் ஆள் உயரமும் பின்சக்கரம் சிறு வட்டிலளவும் உடைய வண்டிகளே ஓடின. ஸ்டார்லியின் வண்டியில் சக்கரங்கள் இரண்டும் ஏறத்தாழ ஒத்த அளவின. பின்சக்கரத்தை இழுக்கச் சங்கிலியும் உண்டு. இன்று தெருவில் காணும் வண்டிகளுக்கெல்லாம் அதுவே மூதாதை. அதன் பின் பெருந்தொழிற்சாலைகள் தோன்றின. வண்டிகளைச் செய்து குவித்தன. அவற்றால் விளைந்த நன்மை பெரிது. விடியுமுன் எழுந்து காதவழி நடந்து ஆலைக்குச் சென்ற தொழிலாளி வண்டியேறிச் சென்றது தொழிற்சாலைகளின் கொடையாலேதான். இதனை மறந்து கைத்தொழிலைப் பாராட்டுவது நடுநிலை ஆகாது.

ஆயினும், அவ்வண்டிகள் கனமானவை. ஒரு சில அளவுகளிலேயே செய்யப்பட்டவை. இங்கிலாந்தின் தொழில் நகரங்களில் வாழ்ந்த ஆலைத் தொழிலாளரும் எழுத்தரும் 1930-களில் சங்கங்களாகக் கூடி, ஞாயிறுதோறும் நகரத்தின் புகையை விட்டுக் குன்றுகளையும் வயல்களையும் நாடி நெடுந்தொலைவு வண்டியோட்டிச் சென்றனர். அவர்களுக்கு இலகுவான வண்டி வேண்டியிருந்தது. கூலியில் சிறிது சிறிதாக மிச்சம் பிடித்துத் தம் ஊர்க் கம்மியரிடம் சென்று தமக்கென ஒரு சட்டகம் செய்யச் சொன்னார்கள். கம்மியரும் பெரும்பாலும் அதே சங்கங்களில் வண்டியோட்டியவர்களே. திங்கட்கிழமை அளவெடுத்துச் செய்துகொடுத்த சட்டகத்தை ஞாயிற்றுக்கிழமை சாலையில் தம் பக்கத்திலேயே ஓடக் காண்பார்கள். செய்தவரும் வாங்கியவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வாழ்ந்த இடத்தில், பொய்வேலைக்கு இடம் குறைவு. பொறுப்பு என்பது அங்கே சட்டத்தால் வந்ததன்று, முகத்தால் வந்தது.

சட்டகம் உருவாகும் முறையை அறிந்தாலன்றி அப்பொறுப்பின் ஆழம் விளங்காது. வாங்க வருபவரின் கால் நீளத்தையும் கை நீளத்தையும் கம்மியர் தையற்காரர்போல் அளந்து குறித்துக்கொள்வார். எத்தகைய சாலையில் ஓட்டுவார், எவ்வளவு சுமை ஏற்றுவார் என்பனவும் கேட்பார். அவையெல்லாம் ஓர் ஏட்டில் ஏறும். வேலை முடிந்தபின் மிதிகட்டைகளின் அச்சு செல்லும் குழலின் அடியிலோ இருக்கைக்குக் கீழேயோ ஓர் எண் பொறிக்கப்படும். ஏட்டிலுள்ள எண்ணும் இரும்பிலுள்ள எண்ணும் ஒன்றே. வாங்குபவர் அவ்வெண்ணைப் பொருட்படுத்துவதில்லை. மேலே பூசிய வண்ணத்தையே வியந்து நிற்பார். உண்மையில் அவ்வண்டியில் மிக விலையுயர்ந்தது அந்தச் சிறிய எண்தான். ‘இதைச் செய்தவன் நான், எப்பொழுது வந்து கேட்டாலும் மறுக்கமாட்டேன்’ என்பதே அதன் பொருள்.

சட்டகத்துக்கு வேண்டிய எஃகுக் குழாய்களைக் கம்மியர் தாமே செய்வதில்லை. இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரத்து ரெனால்ட்ஸ் நிறுவனத்திலிருந்தும், இத்தாலியில் மிலான் நகரத்துக் கொலம்பஸ் நிறுவனத்திலிருந்தும் அவை வந்தன. ரெனால்ட்ஸ் குடும்பத்தார் முதலில் ஆணி செய்தவர்கள். அக்குடும்பத்தைச் சேர்ந்த ஆல்பிரட் ரெனால்ட்ஸ் 1897-ஆம் ஆண்டில் குழாயின் இரு முனைகளிலும் கனத்தை மிகுத்து நடுவில் மெலிவிக்கும் முறைக்கு உரிமை பெற்றார். முனைகளில் கனம் வேண்டும். ஏனெனில் அங்கேதான் குழாய்கள் கூடுகின்றன, வெப்பம் படுகிறது, சுமையும் தாக்குகிறது. நடுவில் அவ்வளவு வேண்டியதில்லை. 1935-ஆம் ஆண்டில் அந்நிறுவனம் மாங்கனீசும் மாலிப்டினமும் கலந்த ‘531’ என்னும் எஃகுக் குழாயை வெளியிட்டது. அதன் நடுப்பகுதியின் கனம் ஒரு மில்லிமீட்டரினும் குறைவு. அவ்வளவு மெல்லிய சுவருடைய குழாய் ஓர் ஆளைச் சுமந்துகொண்டு கல்லும் குழியும் நிறைந்த பாதையில் நாற்பது ஐம்பது ஆண்டுகள் ஓடுகிறது என்பது வியக்கத்தக்கதே. ஆனால் அக்குழாய் கண்டிப்பானது. அளவுக்கு மிஞ்சிய வெப்பத்தைத் தாங்காது. காய்ச்சிக் கெடுத்தால் வலிமை இழந்துவிடும்.

கம்மியர் குழாயின் முனையை மீன்வாய்போல் குடைந்து, மற்றொரு குழாயின் வளைவில் இடைவெளியின்றிப் பொருந்துமாறு அரத்தால் அராவுவார். குழாய்கள் கூடும் இடத்தில் உறைபோல் அமைந்த ஓர் எஃகுத் துண்டு உண்டு. அதனை ‘லக்’ என்பர். குழாய்களை அதனுள் செருகி, நெருப்பில் காய்ச்சி, பித்தளையையோ வெள்ளிக் கலவையையோ உருக்கி ஊட்டுவார். எஃகு உருகுவதற்கு ஏறத்தாழ 1,500 பாகை வெப்பம் வேண்டும். பித்தளை 900 பாகையை ஒட்டி உருகிவிடும். வெள்ளிக் கலவைக்கு அதனினும் குறைவு போதும். எனவே, குழாய் உருகாமல் கெடாமல் நிற்க, இடையே புகுந்த பித்தளை மட்டும் நீராகி, தந்துகிக் கவர்ச்சியால் உறைக்கும் குழாய்க்கும் இடையிலுள்ள மயிரிழை வெளியில் ஊர்ந்து பரவும். ஆறியபின் இரண்டும் ஒன்றாகும்.

தமிழ் மாணவர்க்கு இம்முறை புதியதன்று. பொற்கொல்லர் இரு துண்டுகளை இணைக்க இடையே இடும் உலோகப் பொடிக்குப் ‘பற்றாசு’ என்று பெயர். வெண்பாவில் இரண்டாம் அடியின் இடையே தனிச்சொல் இயைந்து நில்லாதபோது, ஓரசையோ ஈரசையோ கூட்டி இணைப்பதை ‘ஆசு’ என்றும், அவ்வெண்பாவை ‘ஆசிடை நேரிசை வெண்பா’ என்றும் யாப்பிலக்கணம் வழங்குகிறது. உலோகத்தை இணைக்கும் பற்றாசைப்போல் சொல்லை இணைப்பது என்பதே அப்பெயரின் காரணம். புலவரும் கொல்லரும் ஒரு சொல்லைப் பகிர்ந்துகொண்ட நாடு இது. நல்ல பற்றாசு தன்னைக் காட்டிக்கொள்ளாது என்பதும் இருவரும் அறிந்ததே.

இங்கேதான் கம்மியரின் நேர்மைக்குச் சோதனை வருகிறது. பித்தளை உறையின் உட்புறம் முழுவதும் பரவியதா, பாதியிலே நின்றுவிட்டதா என்பது கண்ணுக்குத் தெரியாது. உறையின் விளிம்பைச் சுற்றிப் பித்தளை மெல்லிய பொற்கோடுபோல் தோன்றுவதைக் கொண்டு அறிந்தவர் ஊகிக்கலாம். அதுவும் வண்ணம் பூசியபின் மறைந்துவிடும். வேலை முடிந்து பளபளவென்று தொங்கும் இரண்டு சட்டகங்களுள் ஒன்று மெய்வேலை, மற்றொன்று பொய்வேலை என்று வாங்குபவரால் சொல்ல இயலாது. நிரம்பாத மூட்டும் முதல் ஆண்டில் ஓடும்; மூன்றாம் ஆண்டிலும் ஓடும். எட்டாம் ஆண்டிலோ பத்தாம் ஆண்டிலோ ஒருநாள் உறையின் விளிம்பில் மயிரிழைபோல் ஒரு கீறல் தோன்றும். செய்தவர் செய்த தவற்றுக்குக் காலம் ஒன்றே சான்று கூறும். அச்சான்றும் மிகத் தாமதமாகவே வரும்.

சட்டம் அவ்வளவு காலம் காத்திருப்பதில்லை. இங்கிலாந்தில் பொருள் விற்பனை பற்றிய சட்டம் 1893-ஆம் ஆண்டிலே இயற்றப்பட்டது. விற்ற பொருள் தரமுடையதாக இருத்தல் வேண்டும் என்று அது விதித்தது. 1979-ஆம் ஆண்டிலும் 2015-ஆம் ஆண்டிலும் அவ்விதிகள் புதுப்பிக்கப்பட்டன. வாங்குபவர்க்கு இவை பெருந்துணை. ஆயினும் அந்நாட்டில் ஒப்பந்தம் மீறப்பட்டது என்று வழக்குத் தொடுப்பதற்கு ஆறு ஆண்டே எல்லை. ஆறு ஆண்டு கழிந்தபின் சட்டம் கண்ணை மூடிக்கொள்கிறது. மூட்டில் கீறல் கண் திறப்பதோ அதன் பின்னர். இந்த இடைவெளியில் வாங்கியவரைக் காப்பது எது? செய்தவரின் நாணம் ஒன்றே. ஆறாம் ஆண்டோடு தம் கடமை தீர்ந்தது என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு. அவ்வுரிமையை வேண்டாம் என்று தள்ளுபவரே இக்கட்டுரைக்கு உரியவர்.

முறிந்த சட்டகத்தோடு ஒருவர் பட்டறை வாயிலில் வந்து நின்றால், நல்ல கம்மியர் முதலில் அவரோடு வழக்காடுவதில்லை. முறிந்த முகத்தை உற்று நோக்குகிறார். முறிவு தன் கதையைத் தானே சொல்லும். நாட்பட்டுச் சிறிது சிறிதாகப் பிளந்த பகுதி வழவழப்பாக இருக்கும். கடலலை மணலில் விட்டுச் சென்ற கோடுகள்போல் வரிகளும் அதில் தோன்றும். இறுதியில் ஒரே நொடியில் பிரிந்த பகுதி கரடுமுரடாக இருக்கும். முன்னது உலோகச் சோர்வு. பின்னது அதன் முடிவு. பிளவு எங்கே தொடங்கியது என்று பார்த்தால், பித்தளை புகாத வெற்றிடத்திலா, மிகையாகக் காய்ச்சிய இடத்திலா, அன்றி எதனோடோ மோதி நெளிந்த இடத்திலா என்பது விளங்கிவிடும். உள்ளே துருவேறிப் புழுத்திருந்தால் அது வேறு கதை. குளிர்நாடுகளில் பனி உறையாதிருக்கச் சாலையில் உப்பு இறைப்பர். அவ்வுப்பு நீர் குழாயினுள் இறங்கினால் எந்தக் கம்மியரின் வேலையும் நில்லாது.

தம் பிழையாயின் கூலி பெறாமல் திருத்துவதும், ஓட்டியவரின் கவனக்குறைவாயின் உரிய கூலி பெற்றுத் திருத்துவதும் நேர்மையே. எல்லாவற்றையும் எக்காலத்தும் இலவசமாகச் செய்பவரைப் புகழ்வது எளிது. அவர் பட்டறை நெடுநாள் நில்லாது. பட்டறை நிலைத்திருப்பதும் வாங்கியவர்க்குச் செய்யும் கடமையுள் ஒன்றாகும். பிழை தம்முடையதா பிறருடையதா என்பதைத் தம் வாயாலேயே ஒளிக்காமல் சொல்லுதல் வேண்டும், அதுவே அரியது. நடுவரும் அவரே, குற்றம் சாட்டப்பட்டவரும் அவரே என்ற நிலையில் தமக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்வதற்கு மனவலிமை வேண்டும்.

பற்றவைத்த மூட்டுக்கு மற்றொரு பண்பும் உண்டு; அதனை எண்ணிப் பார்ப்பவர் குறைவு. பித்தளை மீண்டும் உருகும். முறிந்த குழாயை நெருப்பில் காய்ச்சிக் கழற்றிவிட்டு, அவ்விடத்தில் புதுக் குழாயைப் பொருத்தலாம். மற்றக் குழாய்கள் அப்படியே நிற்கும். நாற்பதாண்டுக்கு முன் செய்த சட்டகம் ஓர் உறுப்பு மாற்றப்பெற்று மேலும் நெடுங்காலம் ஓடும். ஆகவே, இக்கம்மியர் தந்த சொல்லுறுதி தாளில் எழுதப்பட்டதன்று. மூட்டிலேயே வைத்துப் பற்றவைக்கப்பட்டது. திருத்தக்கூடியதாகச் செய்யாத பொருளுக்கு எவ்வளவு இனிய சொல்லால் உறுதி கூறினாலும், அவ்வுறுதியை நிறைவேற்ற வழி ஒன்றே உண்டு: பழையதை எறிந்துவிட்டுப் புதியது கொடுத்தல்.

இன்று விலையுயர்ந்த வண்டிகள் பல கரிம இழையால் செய்யப்படுகின்றன. அவை எஃகினும் மிக இலகுவானவை, பந்தயத்தில் வெல்பவை. அவற்றையும் செப்பனிட வல்லவர் உளர் என்பது உண்மையே. எனினும், பெருநிறுவனங்கள் பொதுவாகச் சட்டகத்தை மாற்றித் தருகின்றனவேயன்றித் திருத்தித் தருவதில்லை. ‘வாழ்நாள் முழுதும் உறுதி’ என்று பல நிறுவனங்களின் தாள்களில் பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். எவருடைய வாழ்நாள் என்று கேட்டால் விடை சிறிய எழுத்தில் இருக்கும். முதலில் வாங்கியவரிடம் வண்டி இருக்கும் வரையில்தான் அது செல்லும். தந்தை தம் வண்டியை மகளுக்குக் கொடுத்துவிட்டால் பலவற்றில் உறுதி அற்றுப்போகும். வண்டி அதே வண்டி. மூட்டும் அதே மூட்டு. ஏறி அமர்பவர் மாறியதனால் செய்தவரின் பிழை எவ்வாறு மறையும்? கம்மியர் பொறுப்பேற்பது வாங்கியவர்க்கு மட்டும் அன்று, செய்த பொருளுக்கே ஆகும் என்று கொள்வதே முறை. மூன்றாம் கைக்கு மாறி வந்த சட்டகத்தையும் ‘இது என் எண்’ என்று ஏற்று, வேலைமேசையில் வைத்துப் பார்ப்பவரின் செயல், அச்சிட்ட தாளினும் உயர்ந்தது.

பிரான்சு நாட்டில் இப்பொறுப்பு இன்னும் விரிந்து நின்றது. அங்கே சில கம்மியர் சட்டகம் மட்டும் செய்யாமல், சேறு தடுக்கும் தகடு, சுமை தாங்கி, விளக்கு, கம்பி முதலிய யாவற்றையும் பொருத்தி முழு வண்டியாகவே செய்து கொடுத்தனர். 1930-களிலும் 1940-களிலும் அவர்களுக்கிடையே ஒரு போட்டி நிகழ்ந்தது. விரைவில் முந்துவது மட்டும் அதன் நோக்கமன்று. வண்டிகளைக் கரடுமுரடான மலைப்பாதைகளில் நெடுந்தொலைவு ஓட்டி, முடிவில் ஒவ்வொரு வண்டியையும் நடுவர் ஆராய்வர். ஒரு திருகாணி தளர்ந்திருந்தால் மதிப்பெண் குறையும். விளக்கு எரியாவிட்டால் குறையும். தகடு விரிந்திருந்தால் குறையும். கடையில் நிற்கும்போது எவ்வளவு அழகாக இருந்தது என்று அங்கு எவரும் கேட்கவில்லை. ஓடிய பின் எப்படி இருக்கிறது என்றே கேட்டனர். பொருளை மதிப்பிட இதனினும் நேரிய வழி வேறில்லை. பாரிசு நகரத்தை அடுத்த லெவல்லுவா-பெரே என்னும் ஊரில் 1938-ஆம் ஆண்டில் அலெக்ஸ் சிங்கர் தொடங்கிய பட்டறை அத்தகைய போட்டிகளில் பெயர் பெற்றது. அவர்க்குப் பின் அவர் மருமக்களாகிய சூக்கா உடன்பிறந்தாரும், பின்னர் அவர்களுள் ஒருவரின் மகனும் அதை நடத்தி வந்தனர். பாட்டன் வாங்கிய வண்டியைப் பேரன் அதே பட்டறைக்குக் கொண்டுசெல்ல இயலும் என்றால், அது மூன்று தலைமுறையினர் விட்டுக்கொடுக்காமல் காத்த பொறுப்பின் பயன்.

பெயர் மறைந்தாலும் பொறுப்பு மறையாத இடமும் உண்டு. பெல்ஜியம் நாட்டு வீரர் எட்டி மெர்க்ஸ், 1972-ஆம் ஆண்டு அக்டோபர் 25-ஆம் நாள் மெக்சிகோ நகரத்தில் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டி உலகை வியக்க வைத்தார். 1984-ஆம் ஆண்டு வரை அதை எவரும் விஞ்சவில்லை. அவ்வண்டியைச் செய்தவர் இத்தாலியக் கம்மியர் எர்னெஸ்டோ கோல்நாகோ. வண்டியின்மேல் எழுதப்பட்டிருந்ததோ ‘விண்ட்சர்’ என்னும் வேறொரு நிறுவனத்தின் பெயர். பணம் கொடுத்தவர் பெயர் குழாயின்மேல் நின்றது. செய்தவர் பெயர் குழாயின்மேல் இல்லை. ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் ஒரு மூட்டு பிரிந்திருந்தால் விண்ட்சரை எவரும் வினவியிருக்க மாட்டார், கோல்நாகோவையே வினவியிருப்பர். புகழைப் பிறர்க்கு விற்கலாம். பழியை விற்க இயலாது.

ஜப்பான் நாட்டினர் இப்பொறுப்பை விதியாகவே வகுத்துவிட்டனர். அந்நாட்டில் ‘கெய்ரின்’ என்னும் மிதிவண்டிப் பந்தயம் 1948-ஆம் ஆண்டில் கோகுரா நகரத்தில் தொடங்கியது. மக்கள் பணயம் வைத்துக் காணும் பந்தயம் அது. ஆகையால் வண்டியின் நலத்தில் ஐயம் இருத்தல் கூடாது. ஆடவர் பந்தயத்தில் ஓடும் சட்டகம் எஃகால் ஆனதாக இருத்தல் வேண்டும். பந்தய அமைப்பினரின் ஒப்புதல் பெற்ற கம்மியரால் செய்யப்பட்டதாகவும் இருத்தல் வேண்டும். அவர்களுள் புகழ் பெற்றவர் நாகசாவா யோஷியாகி. இத்தாலிக்குச் சென்று அந்நாட்டுக் கம்மியரிடம் தொழில் கற்றுத் திரும்பியவர் அவர். 1977-ஆம் ஆண்டு முதல் 1986-ஆம் ஆண்டு வரை தொடர்ந்து பத்து முறை உலக வாகை சூடிய நாகானோ கோயிச்சிக்குச் சட்டகம் செய்து கொடுத்தார். வட்டப் பாதையில் வண்டிகள் ஒன்றோடொன்று மோதி விழுவது அப்பந்தயத்தில் இயல்பு. விழுந்த வீரர்க்கு மருத்துவர் எத்துணை இன்றியமையாதவரோ, விழுந்த சட்டகத்துக்கு அதைச் செய்தவர் அத்துணை இன்றியமையாதவர்.

இவ்வளவும் கேட்டுக் கைத்தொழிலாளர் அனைவரும் வாய்மையாளர் என்றும், தொழிற்சாலைகள் அனைத்தும் பொறுப்பற்றவை என்றும் முடிவு கட்டுதல் தவறு. முன்பணம் வாங்கிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் அலைக்கழித்த கம்மியரும் இருந்திருக்கின்றனர். தனி ஒருவர் நோயுற்றால் வேலை நின்றுவிடும். நிறுவனத்தில் ஒருவர் இல்லையேல் மற்றொருவர் இருப்பார். தொழிற்சாலையிலும் நல்வேலை உண்டு என்பதற்கு நாட்டிங்ஹாம் நகரத்து ஸ்டர்மி-ஆர்ச்சர் நிறுவனத்தின் சக்கரக் குடமே சான்று. உள்ளே பற்சக்கரங்களைப் பொதிந்து, மூன்று வகை வேகத்தைத் தரும் அக்குடத்தின்மேல் அது செய்யப்பட்ட ஆண்டைப் பொறித்திருப்பர். ஐம்பது அறுபது ஆண்டுக்கு முன் செய்தவை இன்றும் ஓடுகின்றன. பிரித்துக் கழுவி எண்ணெய் இட்டால் போதும். எனவே, கையா எந்திரமா என்பதன்று கேள்வி. பிரிக்கக்கூடியதா, திருத்தக்கூடியதா, செய்தவர் இன்னார் என்று அறியக்கூடியதா என்பனவே கேள்விகள்.

இதற்கும் தமிழ்நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. ரெனால்ட்ஸ் குழாய் நிறுவனம் 1928-ஆம் ஆண்டில் பர்மிங்ஹாமின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் என்னும் பெருங்குழுமத்தின் உறுப்பாயிற்று. அக்குழுமத்தோடு முருகப்பா குடும்பத்தார் கைகோத்து 1949-ஆம் ஆண்டில் சென்னையில் மிதிவண்டி நிறுவனம் தொடங்கினர். அதுவே டி.ஐ. சைக்கிள்ஸ், அம்பத்தூரில் அதன் தொழிற்சாலை எழுந்தது. அங்கிருந்து வந்த ‘ஹெர்குலிஸ்’ வண்டியை அறியாத சிற்றூர் தமிழ்நாட்டில் இல்லை. கறுப்பு வண்ணமும் கனத்த உடலும் உடைய அவ்வகை வண்டியின் சட்டகமும் உறையில் செருகிப் பற்றவைக்கப்பட்டதே. அதனால்தான் ஊருக்கு ஊர் வேப்பமரத்தடியில் இருந்த சைக்கிள் கடைக்காரரால் அதற்கு மருத்துவம் பார்க்க முடிந்தது. தாம் செய்யாத வண்டிக்கு, தாம் விற்காத வண்டிக்கு, பால்காரரின் வண்டி என்றும் தபால்காரரின் வண்டி என்றும் பெயர் சொல்லிப் பொறுப்பேற்ற அவரையும் இக்கம்மியர் வரிசையில் வைத்து எண்ணலாம். இவ்வளவு பெரிய தொண்டுக்கு நாலணாவும் எட்டணாவும் பெற்ற அவரைப் பற்றி எவரும் கட்டுரை எழுதியதில்லை.

இனி, எல்லாவற்றினும் கடினமான ஒரு வினா எஞ்சி நிற்கிறது. எஃகு நூறாண்டு நிற்கும். செய்த மனிதர் நிற்பதில்லை. அவர் கொடுத்த சொல்லை அவர்க்குப் பின் காப்பவர் யார்?

இங்கிலாந்தின் டார்பி நகரத்தில் 1946-ஆம் ஆண்டில் டாம் கிரௌதர், லூ பார்க்கர் என்னும் இருவர் ‘மெர்சியன்’ என்ற பட்டறையைத் தொடங்கினர். அப்பகுதியில் பண்டு ஆண்ட ஓர் அரசின் பெயரை ஒட்டி அதற்குப் பெயரிட்டனர். சிறு குழலால் ஒரு புள்ளியில் தீயைப் பாய்ச்சாமல், திறந்த உலைக்களத்தில் மூட்டு முழுவதையும் ஒருசேரக் காய்ச்சிப் பற்றவைக்கும் பழைய முறையை அவர்கள் கையாண்டனர். குழாய்க்கு அம்முறை இதமானது. கற்பதற்குத்தான் நெடுங்காலம் ஆகும். பட்டறை ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறியது. முறை மட்டும் மாறவில்லை. ஒருவர் பக்கத்தில் ஒருவர் நின்று கண்ணால் கண்டு கையால் கற்று வந்தனர். புதுச் சட்டகம் செய்வதோடு, தம் பட்டறையில் முன்பு செய்தவற்றைத் திருத்திப் புது வண்ணம் பூசித் தருவதையும் தம் தொழிலாகவே கொண்டிருந்தனர். பழைய வண்ணத்தை நீக்கினால்தான் பழைய மூட்டு வெளிப்படும். ஐம்பதாண்டுக்கு முன் வேறொருவர் வைத்த பித்தளையை இன்றைய இளைஞர் பார்ப்பார். நல்வேலையாயின் அதிலிருந்து கற்பார், குறையாயின் திருத்துவார். செய்தவர் மறைந்திருக்கலாம். குறையை ஏற்றுக்கொள்ளும் பட்டறை மறையவில்லை.

2024-ஆம் ஆண்டு மே மாதத்தில் அப்பட்டறை மூடப்பட்டது. எழுபத்தெட்டு ஆண்டுகள் எரிந்த உலை அவிந்தது. விலைவாசியின் ஏற்றத்தையும் வாங்குவோர் குறைவையும் எதிர்த்துச் சிறு பட்டறை நெடுநாள் நிற்றல் அரிது. இங்கிலாந்தில் அதற்கு முன்பே அவ்வாறு மறைந்தவை பல. உலகெங்கும் பரந்து கிடந்த மெர்சியன் சட்டகங்களின் உரிமையாளர்க்கு அச்செய்தி உறவினர் ஒருவரின் இழப்பைப்போல் இருந்திருத்தல் வேண்டும். ஏனெனில் வண்டி கையில் இருந்தது. அதன் எண்ணுக்கு விடை சொல்லும் வாய் அடைபட்டுவிட்டது. அதே ஆண்டில் டார்பி வட்டாரத்தைச் சேர்ந்த மிதிவண்டி ஆர்வலர் சிலர் ஒன்றுகூடி அப்பட்டறையை விலைக்கு வாங்கி மீண்டும் திறந்தனர். பெயரை மட்டும் வாங்கி வேறு நாட்டில் வண்டி செய்து ஒட்டியிருந்தால் அது வாணிகமாக இருந்திருக்கும். வேலை தெரிந்த கைகளையும் உலையையும் சேர்த்தே காக்க முயன்றது அவர்தம் சிறப்பு.

எல்லாப் பட்டறைக்கும் அந்நற்பேறு வாய்க்கவில்லை. கம்மியர் இறந்து, பட்டறை இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் வேறு கட்டடம் எழுந்த பின்னும் அவர் செய்த சட்டகங்கள் சாலையில் ஓடிக்கொண்டிருக்கின்றன. இங்கிலாந்தில் 1955-ஆம் ஆண்டில் பழைய மிதிவண்டி ஆர்வலர் ஒரு சங்கம் அமைத்தனர். பட்டறைகளின் வரலாற்றை ஒவ்வொன்றாகத் தனித்தனி உறுப்பினர் ஏற்று ஆராய்ந்து வருகின்றனர். எஞ்சிய ஏடுகளைத் தேடுகின்றனர். கிடைத்த சட்டகங்களின் எண்களைத் தொகுக்கின்றனர். ஏதோ ஒரு வீட்டின் பின்கட்டில் துருப்பிடித்த சட்டகம் ஒன்றைக் கண்டெடுக்கும் இளைஞர், அதைத் தலைகீழாகக் கவிழ்த்து, அச்சுக் குழலின் அடியிலுள்ள அழுக்கைத் துணியால் துடைத்து, அங்கே தெரியும் எண்ணை எழுதி அனுப்பலாம். செய்தவர் பெயரும், செய்த ஆண்டும், ஏடு பிழைத்திருந்தால் அளவெடுத்துக்கொண்டவரின் கால் நீளமும் அவருக்கு விடையாக வரும்.